அரம் ஒன்று, வளையப் போல்ட் ஒன்று

கத்தி செய்யப் பழக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இரும்பைத் தேய்க்கும் மின்சாரப் பட்டி இயந்திரமான பெல்ட் கிரைண்டரின் விலையைத்தான். இப்போதைக்கு அது வேண்டாம் என்பேன். கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சத்தமும் தூசியும் சரிவராது. 2022இல் 13 மணி நேரம் கரண்ட் இல்லாத நாட்களிலும் அரம் வேலை செய்தது. கையிலுள்ள காசுக்குப் பழைய சோனகத் தெருவில் நல்ல தட்டை அரம் ஒன்று வாங்குங்கள். மற்றதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

புதிதாகப் பழகுகிறவர் கையில் அரம் ஊஞ்சலாடும். கத்தியின் வெட்டும் வாயை நோக்கி மெலியும் சரிவு தட்டையாக வராமல் உருண்டுபோகும். அதற்குத்தான் இந்த ஜிக், அதாவது அரத்தை ஒரே கோணத்தில் ஓடவைக்கும் சட்டம். இரண்டடிப் பலகை ஒன்றின் பின்நுனியில் துளை போட்டு, தலையில் வளையம் உள்ள 8 மி.மீ. வளையப் போல்ட்டை நிமிர்த்தி வைத்து, பலகைக்கு மேலே ஒரு நட், கீழே ஒரு நட் போட்டு இறுக்குங்கள். முன்நுனியில் கட்டைத் துண்டு ஒன்றை ஆணியடித்து, அதன்மேல் கத்தியாகப்போகும் தகட்டைக் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். தகட்டின் முதுகு வளையத்தின் பக்கம், வாய் உங்கள் பக்கம். அரத்தின் மேல் நீளமான கம்பியை வைத்து, இரண்டு நுனியிலும் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கி, கம்பியை வளையத்துக்குள் விட்டால் சரி.

4 மி.மீ. தடிப்புத் தகட்டில் 22 மி.மீ. அகலச் சரிவு என்றால், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 5 பாகை. வளையம் 30 செ.மீ. தள்ளி இருந்தால், தகட்டைவிட 2.6 செ.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். அரத்தின் தடிப்பையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். நட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் 1.25 மி.மீ. ஏறும், கோணம் கால் பாகை அளவுதான் மாறும். இவ்வளவு நுட்பமான திருத்தம் ஒரு போல்ட்டில் கிடைப்பது எனக்கு இன்றும் சந்தோஷம்.

தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். அரத்தின் பல்லில் சோக்கட்டி பூசினால் இரும்புத்தூள் அடைக்காது.

வாயின் நடுக்கோடு போட இதைவிட மலிவான கருவி இல்லை: 4 மி.மீ. தகட்டுக்கு 4 மி.மீ. ட்ரில் பிட். தகட்டையும் பிட்டையும் மட்டமான கண்ணாடியில் படுக்க வைத்து, வாய்ப்பக்க விளிம்பில் மாக்கர் பூசி, பிட்டின் கூரால் கீறுங்கள். கூர் சரியாகப் பாதித் தடிப்பில்தான் நிற்கும்.

இரும்புக்குப் பஞ்சிகாவத்தை இருக்கிறது. அங்கே வாகன வில்லுத் தகடு கிடைக்கும். தட்டி மெலிக்க நான் கொல்லரிடம்தான் கொடுக்கிறேன். அப்புறம் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுக்க ஆறவிட்டால்தான் அரம் கடிக்கும்.

அராவிய தகட்டைக் காய்ச்சி இறுக்கும் உலைக்குப் பழைய தகரப் பெட்டி, களிமண்ணும் மணலும், ஒரு குழாய், ஹெயார் ட்ரையர், சிரட்டைக்கரி. நாகம் (துத்தநாகம்) பூசிய குழாய் மட்டும் வேண்டாம். அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும். கரியில் காபன் மொனொக்சைட்டும் வரும். அதனால் உலையை எப்போதும் திறந்த வெளியிலேயே மூட்டுங்கள். இரும்பு 770 பாகை செல்சியஸ் அளவில் காந்தத்தில் ஒட்டாது. அதற்கு இன்னும் கொஞ்சம் மேலே போனதும், 50 பாகைக்குச் சூடாக்கிய தாவர எண்ணெயில் நேராக இறக்குங்கள். எண்ணெய் இருக்கும் பாத்திரம் உலோகமாக இருக்கட்டும், மூடியும் பக்கத்தில் இருக்கட்டும். ஆறியதும் அரம் வழுக்கினால் இறுகிவிட்டது. உடனே கேக் சுடும் அவனில் (oven) 200 பாகையில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு தடவை.

பிடிக்கு விலை உயர்ந்த மரம் தேடவேண்டாம். மொறட்டுவைத் தளபாடப் பட்டறைகளில் கழித்துப்போடும் பலாத் துண்டு தாராளம்.