ஆன்ஷேப் டாக்குமெண்டில் வெளியாளைச் சேர்ப்பதற்கு முன்

ஆன்ஷேப் என்பது பிரவுசரிலேயே ஓடும் முப்பரிமாண வடிவமைப்பு (கேட்) மென்பொருள். அதில் ஒரு டாக்குமெண்டை வெளியாளுக்குத் திறந்துவிட அரை நிமிடம் போதும். வலது மேல் மூலையில் இருக்கும் ஷேர் பட்டனை அழுத்தி, அவருடைய மின்னஞ்சலைக் கொடுத்து, பார்க்க மட்டுமா திருத்தவுமா என்று தேர்ந்தெடுத்தால் முடிந்தது. அவருக்குக் கணக்கு இல்லாவிட்டாலும் மின்னஞ்சலில் போகும் அழைப்பிலிருந்தே தொடங்கிக்கொள்வார். பிரவுசரே போதும், எதையும் நிறுவ வேண்டாம்.

இவ்வளவு சுலபமாக இருப்பதாலேயே பலர் யோசிக்காமல் அந்தப் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். முன்பு ஒரு ஸ்டெப் ஃபைலை (வடிவத்தை மட்டும் தாங்கும் பொதுவான கேட் ஃபைல்) அனுப்பினால் அந்த ஒரு வடிவம் மட்டும்தான் போகும். இங்கே டாக்குமெண்டே போகிறது. அதிலுள்ள எல்லா டேபும், எல்லா வெர்ஷனும், மாடலைக் கட்டிய படிகளைக் காட்டும் ஃபீச்சர் பட்டியலும், முதல் நாளிலிருந்து நடந்த மாற்றங்களின் வரலாறும் அவர் கண்ணுக்குத் தெரியும். டேப் வாரியாக அனுமதி கொடுக்க முடியாது. ஒரு டேபை நேற்று அழித்துவிட்டோம் என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது, பழைய வெர்ஷனைத் திறந்தால் அது அங்கேயே இருக்கும்.

ஒரு பம்ப் உறையை எடுத்துக்கொள்வோம். டாக்குமெண்டில் உறை, உள்ளே சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர், அசெம்பிளி, டிராயிங் ஆகியவற்றோடு விலைக் கணக்குப் போட்ட ஒரு பிடிஎஃப்பும் கிடக்கிறது. வார்ப்புக்கான மாதிரியை, அதாவது பேட்டர்னை, செய்பவருக்கு வேண்டியது உறை மட்டும். அவரை இந்த டாக்குமெண்டுக்குள் அழைத்தால் இம்பெல்லரின் இறக்கை வளைவும் விலையும் சேர்ந்தே போய்விடும்.

இதற்குச் சரியான வழி, முதலில் வொர்க்ஸ்பேஸை (டாக்குமெண்டில் இப்போது வேலை நடக்கும் நிலை) காப்பி செய்து புது டாக்குமெண்ட் உருவாக்குவது. காப்பியில் பழைய வெர்ஷன்களும் வரலாறும் வராது. அதன் பிறகு வேண்டாத டேப்களை அழிப்பது மட்டும் போதாது. அழித்த செயலே புது டாக்குமெண்டின் வரலாற்றில் பதிவாகிவிடும், அங்கிருந்து மீட்டுவிடலாம். ஆகவே வேண்டாததை அழித்த பின் இன்னொரு முறை காப்பி செய்து, அந்த இரண்டாவது காப்பியைத்தான் பகிர வேண்டும். ஃபீச்சர் பட்டியலும் தெரியக் கூடாது என்றால் உறையைப் பாராசாலிட் என்ற வடிவ ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து புது டாக்குமெண்டில் இம்போர்ட் செய்துவிடுங்கள். அவர் பார்ப்பது ஒரே ஒரு இம்போர்ட் ஃபீச்சராக இருக்கும். பார்வைக்கு மட்டும் காட்டுவதானால், புரொஃபெஷனல், என்டர்பிரைஸ் கணக்குகளில் பப்ளிகேஷன் என்ற வசதி இருக்கிறது. குறிப்பிட்ட டேப்களின் குறிப்பிட்ட வெர்ஷன்களை மட்டும் தொகுத்து, மூல டாக்குமெண்டைத் திறந்துவிடாமலே பகிரலாம்.

அடுத்தது அனுமதிகள். திருத்தலாமா, பார்க்கலாமா என்பதோடு காப்பி, எக்ஸ்போர்ட், ஷேர், லிங்க் (இதிலுள்ள பாகத்தை வேறு டாக்குமெண்டில் இணைப்பது), கமெண்ட் என்று தனித்தனி அனுமதிகளும் உண்டு. அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போகும் இடம் இதுதான். ஷேர் அனுமதி இருந்தால் அவர் தன் பங்குக்கு வேறு ஆளை உள்ளே கொண்டுவரலாம். வெளியாட்களுக்கு அதை எப்போதும் எடுத்துவிடுங்கள். காப்பி அனுமதியில் இன்னும் கவனம் வேண்டும். இலவசக் கணக்கில் உருவாகும் டாக்குமெண்டுகள் எல்லாம் பொதுவில் இருப்பவை, அவர் அதில் எடுக்கும் காப்பியையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தக் கணக்கு வணிக வேலைக்கானதும் அல்ல. வருபவர் எந்தக் கணக்கு வைத்திருக்கிறார் என்று முதலிலேயே கேட்டுவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. சிஎன்சியில் வெட்டப்போகிறவருக்கு எக்ஸ்போர்ட் கட்டாயம் தேவை, அதை எடுத்துவிட்டால் அவருடைய வேலை நடக்காது. மாடலைப் பார்த்துக் கருத்துச் சொல்பவருக்குப் பார்வையும் கமெண்டும் போதும்.

ஃபோல்டரைப் பகிர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்று அதில் இருப்பது மட்டுமல்ல, நாளை நீங்கள் மறதியில் உள்ளே இழுத்துப்போடும் டாக்குமெண்டும் அவருக்குத் திறந்துவிடும்.

திருத்தும் அனுமதி கொடுக்கும் நாளில் ஒரு வெர்ஷன் போட்டு, "பேட்டர்னுக்குக் கொடுத்தது" என்பதுபோலப் பெயரிட்டு வையுங்கள். வெர்ஷனில் இருக்கும் மாடலை யாராலும் மாற்ற முடியாது, எது நடந்தாலும் திரும்பி வர இடம் இருக்கும். ஆன்ஷேப்பில் ஃபைலைப் பூட்டும் முறை இல்லை. இருவர் ஒரே பார்ட் ஸ்டுடியோவில் (பாகங்களை வரையும் டேப்) ஒரே நேரத்தில் வேலை செய்யலாம், ஒருவர் செய்தது மற்றவருக்கு உடனே தெரியும். பக்கத்து மேசைக்காரரோடு வேலை செய்ய இது அருமையான ஏற்பாடு. முகம் பார்க்காத ஒருவரோடு செய்யும்போது யார் எதைத் தொடுவது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

பேட்டர்ன் செய்பவர் என்ன செய்வார் என்று பாருங்கள். சாம்பல் வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ. சுருங்கும். அதற்காக டிரான்ஸ்ஃபார்ம் ஃபீச்சரில் 1.01 மடங்கு பெரிதாக்குவார். இதை உங்கள் உறையின் பார்ட் ஸ்டுடியோவிலேயே செய்துவிட்டால், டிராயிங்கை அப்டேட் செய்ததும் 200 மி.மீ. ஃபிளாஞ்ச் (இணைப்பு விளிம்பு) 202 என்று காட்டும். அந்த டிராயிங் மெஷினிங்குக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் அவருக்கென்று தனி பார்ட் ஸ்டுடியோ டேப் வைத்து, அதில் டிரைவ்டு ஃபீச்சர் (வேறு பார்ட் ஸ்டுடியோவின் பாகத்தை இணைப்போடு கொண்டுவருவது) வழியாக உறையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். டிராஃப்ட் (பேட்டர்ன் மணலிலிருந்து சுலபமாக வெளிவரக் கொடுக்கும் சாய்வு), மெஷினிங் அலவன்ஸ் (பிறகு வெட்டி எடுக்க விடும் கூடுதல் தடிமன்), கடைசியாக அந்த 1.01 எல்லாம் அங்கேயே நடக்கட்டும். நீங்கள் உறையைத் திருத்தினால் அங்கும் மாறும், அவர் செய்வது உங்கள் பக்கம் வராது. ஃபில்லெட் (விளிம்பை வளைவாக்குவது) போட்ட முகங்களை ஒட்டி டிராஃப்ட் கொடுத்தால் அடிக்கடி தோற்கும். மாடிஃபை ஃபில்லெட்டில் வளைவை நீக்கி, டிராஃப்ட் கொடுத்து, மறுபடி ஃபில்லெட் போடுவது ஒரு வழி.

உறையின் வடிவத்தையே அவர் மாற்றிப் பார்க்க வேண்டுமென்றால் பிராஞ்ச், அதாவது மெயின் என்ற முதன்மை வொர்க்ஸ்பேஸிலிருந்து பிரியும் தனிக் கிளை, போட்டுக் கொடுங்கள். பிராஞ்ச் ஒரு வேலி அல்ல என்பதை மறக்க வேண்டாம். திருத்தும் அனுமதி டாக்குமெண்ட் முழுவதற்கும் பொருந்துவதால், அவர் தவறி மெயினில் நின்றுகொண்டே வேலை செய்ய வாய்ப்பு உண்டு. கிளையை மெயினோடு மெர்ஜ் செய்வதற்கு முன் கம்பேர் ஓட்டி என்ன மாறியது என்று பாருங்கள்.

அளவுகளிலும் ஒரு சிக்கல் வரும். அலகு போடாமல் 12 என்று அடித்தால் அது வொர்க்ஸ்பேஸின் அலகில் எடுத்துக்கொள்ளப்படும். அங்குலத்தில் பழகியவரோடு வேலை செய்கிறீர்கள் என்றால் எண்ணோடு மி.மீ. அல்லது அங்குலத்தைச் சேர்த்தே அடிக்க இருவரும் பழகிக்கொள்ளுங்கள்.

அழைப்பு போயும் மாடல் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். அழைத்தது ஒரு மின்னஞ்சலுக்கு, அவர் உள்நுழைந்தது வேறொன்றில் என்பது முதல் காரணம். பிரவுசரில் முப்பரிமாணப் படத்தை வரையும் வெப்ஜிஎல் வேலை செய்யாமல் இருக்கலாம், அதை ஆன்ஷேப்பின் கணினிச் சோதனைப் பக்கத்திலேயே பார்த்துவிடலாம். அவருடைய நிறுவனத்தின் ஃபயர்வால், சர்வரோடு தொடர்ந்து பேசப் பயன்படும் வெப்சாக்கெட் இணைப்பைத் தடுப்பதும் உண்டு. அப்போது அவரைத் தொந்தரவு செய்து பயனில்லை, அவர்களுடைய ஐடி ஆளிடம்தான் பேச வேண்டும்.

வேலை முடிந்ததும் ஷேர் சாளரத்தில் அவர் பெயரை நீக்கிவிடுங்கள். அதற்கு முன்பே அவர் எக்ஸ்போர்ட் செய்ததும் காப்பி எடுத்ததும் அவரிடமே இருக்கும். அவர் தன் கணக்கில் தனி டாக்குமெண்ட் தொடங்கி, அதிலிருந்து ஏதேனும் பாகம் உங்கள் அசெம்பிளியில் லிங்க் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், பெயரை நீக்குவதற்கு முன்பே அந்த டாக்குமெண்டின் உரிமையை உங்களுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அதை உரிமையாளர் மட்டுமே செய்ய முடியும். அவர் பகிர்வை நிறுத்திவிட்டால் மூலத்தைத் திறக்கவோ புது வெர்ஷனுக்கு மாறவோ உங்களுக்கு வழி இருக்காது.