ஒரு முத்திரையும் விழாத புத்தகங்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிவதற்கு முன்னால் போன் வந்தது. "அக்கா, அப்பா போயிட்டாரு" என்றாள், எங்கள் நூலகத்து அண்ணாவின் மகள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. திருவாரூரிலிருந்து கிடைத்த பஸ்ஸில் ஏறி ஒன்றரை மணிக்குத் திருவல்லிக்கேணி போய்ச் சேர்ந்தேன். மூன்று மணிக்கு எடுத்தார்கள். கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டுக்குப் பெண்கள் போகும் வழக்கம் அந்தத் தெருவில் இல்லை. தெருமுனை வரை நடந்து போய், வண்டி திரும்பி மறைகிறவரை நின்றேன்.

அவர் பெயரைப் போட வேண்டாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். "அப்பாவுக்கு அதெல்லாம் புடிக்காதுக்கா." அதனால் நாங்கள் கூப்பிட்டபடி அண்ணா என்றே எழுதுகிறேன். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் 1968 முதல் 2006 வரை அட்டெண்டராக இருந்தவர். சேரும்போது 20 வயது, எட்டாம் வகுப்புப் படிப்பு. இறக்கும்போது 77.

நான் 1997-இல் எம்.ஃபில். பொருளாதாரம் படிக்கச் சேப்பாக்கம் வளாகத்துக்கு வந்தேன். கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமம். அம்மாவும் அப்பாவும் நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போகிறவர்கள். பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்தில் இறங்கி, கடற்கரைச் சாலையில் அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குள் நுழைந்த முதல் நாள், ரேக்குகளுக்கு நடுவே எங்கே நிற்பது என்றுகூடத் தெரியவில்லை. ஒரு புத்தகத்தை எடுக்க அதன் முதுகின் மேல்விளிம்பில் விரலைவிட்டு இழுத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "தலையப் புடிச்சி இழுக்காதம்மா, அதுக்கு வலிக்கும்."

வந்து காட்டினார். இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் லேசாக உள்ளே தள்ளினால் நடுவில் இருப்பது தானாக முன்னால் தெரியும். இடுப்பைப் பிடித்து எடுக்க வேண்டும். கடல்காற்றில் தையல் இற்றுப்போயிருக்கும், மேல்விளிம்பைப் பிடித்து இழுத்தால் நாலே தடவையில் முதுகு பிய்ந்துவிடும் என்றார். பைண்டிங் பிரிவுக்கு வேலை மிச்சம் பண்ணச் சொல்கிறாரோ என்று அன்றைக்கு நினைத்தேன். மைதா பசையில் மயில்துத்தம் கலந்து, தானே பக்கங்களை ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

அந்த நூலகத்தின் புத்தகங்கள் எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த, நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் கோலன் முறைப்படி அடுக்கப்பட்டவை. மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-இல் இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்தார். இங்கே செய்து பார்த்த முறையைத்தான் 1933-இல் அச்சிட்டார். எழுத்தும் எண்ணும் கமாவும் முக்காற்புள்ளியுமாக இருக்கும் அந்தக் கால் நம்பர்களை (call number, புத்தகத்தின் இடத்தைச் சொல்லும் குறியீடு) பார்த்தால் எங்கள் வகுப்பில் பாதிப்பேருக்குப் பயம். அண்ணாவுக்கு அது தாய்மொழி மாதிரி. "எக்ஸ் உன்னுது, எகனாமிக்ஸ். வி நாப்பத்திநாலு இந்தியா சரித்திரம். ஓ முப்பத்தொண்ணு, கமா, ஒண்ணு இருந்தா தமிழ்க் கவிதை." புத்தகத்தின் தலைப்பை அவர் ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் அது எதைப் பற்றியது, அதற்கு இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் யார் என்று சொல்லிவிடுவார். மூடும் நேரத்துக்கு முன்னால் ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முதுகிலும் விரலை வைத்து முணுமுணுத்தபடி நகர்வார். தப்பான இடத்தில் ஒன்று அகப்பட்டுவிட்டால், "நீ இன்னா இங்க பண்ற?" என்று அதையே கேட்பார்.

நான் சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். "இன்னா ஊரும்மா நீ?" என்றார். கீழ்வேளூர்ப் பக்கம் என்றேன். அடுத்த வாரம் நான் உட்கார்ந்திருந்த மேஜையில் ஒரு பழைய கெட்டி அட்டைப் புத்தகத்தை வைத்தார். "இதுல பாலக்குறிச்சின்னு ஒரு ஊரு வருது. உங்க பக்கம்தான?"

கில்பர்ட் ஸ்லேட்டர் 1915-இல் இங்கே பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர். மாணவர்களைத் தங்கள் ஊர்களுக்கே அனுப்பிக் கணக்கெடுத்து வரச் சொன்னார். அதைத் தொகுத்து 1918-இல் வெளிவந்த 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற புத்தகம் அது. வடமலைபுரம், கங்கைகொண்டான், இருவேல்பட்டு, தூசி ஆகிய ஊர்களோடு தஞ்சை ஜில்லாவின் பாலக்குறிச்சியும் அதில் இருந்தது. 1930-களில் அதே ஊர்களுக்குத் திரும்பப் போய் எடுத்த மறு ஆய்வும் உண்டு. அதையும் கீழே வைத்திருந்தார். பாலக்குறிச்சி எங்கள் அம்மாச்சி நடவுக்குப் போன ஊர். எங்கள் சனங்கள் எந்தப் பத்திரத்திலும் இல்லை, எந்தப் பட்டாவிலும் இல்லை. அந்தப் பக்கங்களில் இருந்தார்கள்: பண்ணையாட்களாக, நெல்லாக வாங்கிய கூலிக் கணக்காக. தாத்தாவுக்கு அப்பா காலத்து ஆட்களைப் பற்றி அச்சில் படிக்கிறேன் என்று உணர்ந்தபோது எனக்கு எழுத்து மங்கிவிட்டது. அண்ணா ஒன்றும் கேட்கவில்லை. மேலே ஃபேனைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். என் ஆய்வு அந்த மேஜையில்தான் தொடங்கியது. தலைப்பை அங்கீகரித்த கமிட்டி அதற்கு ஆறு மாதம் கழித்து உட்கார்ந்தது.

ஒரு தப்பையும் எழுத வேண்டும். அடுத்த ஆண்டு, தேர்வுக்கு முன்னால், எல்லோருக்கும் தேவைப்பட்ட ஒரு புத்தகத்தை வேறு யாரும் எடுக்காமலிருக்கத் தத்துவ வரிசையில் கொண்டுபோய்ச் செருகிவைத்தேன். எல்லோரும் செய்கிற காரியம் என்றுதான் நினைத்தேன். இன்னொரு பையன் அதைத் தேடி இரண்டு நாள் அலைந்திருக்கிறான். அவனுக்காக அண்ணா இரண்டு மாலை, வீட்டுக்குப் போகாமல், வரிசை வரிசையாகப் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் புத்தகத்தோடு என் முன்னால் வந்து நின்றார். நான்தான் என்று எப்படித் தெரிந்ததோ. சத்தம் போடவில்லை.

"தொலஞ்ச புத்தகத்தக்கூட தொலஞ்சிபோச்சின்னு எழுதி, வேற வாங்கலாம். எடம் மாறினது உள்ளயே கீது, ஆனா இல்ல. அத உயிரோட பொதைக்கறது கண்ணு."

அந்தப் பையனிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்றுவரை எந்த நூலகத்திலும் அப்படி ஒன்றைச் செய்ததில்லை.

ஆனால் அண்ணா என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது டேட் ஸ்லிப். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரை குத்துவார்களே, அது. ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் ரேக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அதைப் புரட்டிப் பார்ப்பார். ஒரு முத்திரையும் விழாத புத்தகங்கள் அகப்பட்டால் அவற்றை நினைவில் வைத்துக்கொள்வார். பிறகு ஆள் தேடுவார். வருகிற மாணவர்களிடம், பேராசிரியர்களிடம், அதே கட்டடத்தில் இருந்த கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கு வந்துபோகும் வெளியூர்ப் புலவர்களிடம், "நீங்க இன்னாத்தப் பத்திப் படிக்கிறீங்க?" என்று கேட்பார். பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார். ஒரு வாரமோ இரண்டு மாதமோ கழித்து, கையில் ஒரு புத்தகத்தோடு வருவார்.

எனக்கு அப்படி வந்தது தஞ்சை வாய்க்கால்களைப் பற்றிய ஒல்லியான ஓர் அறிக்கை. பழுப்பேறிய டேட் ஸ்லிப், அதில் ஒரு புள்ளிகூட இல்லை. "நான் வந்ததுலேருந்து இது இங்கதான் குந்திக்கினு கீது. ஒரு ஆளும் தொடல. நீ ஒரு தபா எடுத்துக்கினு போம்மா." உபயோகப்படுமா என்று தயங்கினேன். "உபயோகப்படலன்னா பரவால்ல. ஊரப் பாத்துட்டு வரட்டும்" என்றார். உபயோகப்பட்டது. என் மூன்றாம் அத்தியாயத்தில் கிளை வாய்க்கால்களின் முறைப்பாசனம் பற்றி இருப்பது முழுக்க அதிலிருந்து வந்தது.

ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலக விதிகள் ஐந்தில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது. அதைப் படித்த அன்றைக்கே ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. தனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் ரங்கநாதன் காலத்தில் பையனாகச் சேர்ந்தவர் என்றார். "பெரியவரு சொல்லுவாரு, புத்தகத்துக்கு ஆளு வரலன்னா நம்ம மேல தப்புடா, புத்தகத்து மேல இல்லன்னு. விதின்னுல்லாம் எனக்குத் தெரியாது."

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கடல் ஊருக்குள் வந்த அன்று, மனைவியையும் பிள்ளைகளையும் ராயப்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு இவர் மட்டும் திரும்பி நடந்து போய் நூலகத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இதைச் சாவு வீட்டில் அவர் மனைவி சொன்னார். சொல்லும்போது அந்த அம்மாவின் குரலில் இருபது வருடத்துக் கோபம் அப்படியே இருந்தது. "எங்களவிட அதுதான் அவருக்கு" என்று அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் சேப்பாக்கம் போனேன். பழைய மாணவி, ஒரு புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் உள்ளே விட்டாள். அவளுக்கு அவரைத் தெரியாது. எக்ஸ் வரிசை இருந்த இடத்தைக் கால் தானாகக் கண்டுபிடித்தது. இரண்டு பக்கத்தையும் உள்ளே தள்ளி, இடுப்பைப் பிடித்து அந்த ஒல்லி அறிக்கையை எடுத்தேன். டேட் ஸ்லிப்பில் என் முத்திரை, 1998. அதற்குக் கீழே இன்னும் இரண்டு இருந்தன. 2003-இல் ஒன்று, 2005-இல் ஒன்று.