இழையில் ஒரு குறுக்குச்சுவர்

கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில், பூஞ்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். பூஞ்சை என்றதும் பலருக்கும் ரொட்டியில் படியும் பச்சைத் தூள்தான் நினைவுக்கு வரும். தூள் வெறும் வித்து. உடல் என்பது ரொட்டிக்குள் ஓடும் மெல்லிய இழைகள். இழை நுனியில்தான் வளரும். நொதிகளை வெளியே விட்டு, உணவை உடலுக்கு வெளியிலேயே செரித்து, கரைந்ததை உறிஞ்சும். நோயாளியின் நுரையீரலிலும் அது செய்வது இதைத்தான்.

இழையின் சுவரில் கைட்டின் இருக்கிறது, இறால் ஓட்டில் உள்ள அதே பொருள். எங்கள் வேலையில் பாதி அதை நம்பித்தான் நடக்கிறது. நகச் சுரண்டல் வந்தால் ஸ்லைடில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுவோம். நகம் கரைந்து தெளியும், இழை அப்படியே நிற்கும்.

திசுத் துண்டு வந்தால்தான் பதற்றம். "முதல்ல குறுக்குச்சுவரைத் தேடும்மா, அப்புறம் அகலத்தைப் பாரு" என்பார் எனக்குத் தொழில் கற்றுத்தந்த அக்கா. அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் இழை ஒல்லி, 3 முதல் 6 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). சீரான இடைவெளியில் இழையை அறைகளாகப் பிரிக்கும் குறுக்குச்சுவர்கள், கூர்ங்கோணத்தில் பிரியும் கிளைகள். மியூகர் என்ற இன்னொரு பூஞ்சை வகையின் இழை 10 மைக்ரானுக்கு மேலும் போகும், நாடா மாதிரி மடங்கிக் கிடக்கும், கிளைகள் ஏறக்குறைய செங்கோணத்தில் பிரியும், குறுக்குச்சுவர் அபூர்வம். இது வெறும் பாடம் இல்லை. அஸ்பெர்ஜில்லஸுக்குப் பெரும்பாலும் முதலில் தரப்படும் வோரிகொனசோல் என்ற மருந்து, மியூகரிடம் பலிக்காது. அதற்கு ஆம்போடெரிசின் பி வேண்டும். மியூகர் ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடுவதால் திசு செத்துக் கறுத்துப்போகும். 'கறுப்புப் பூஞ்சை' என்ற பெயர் அப்படி வந்ததுதான், பூஞ்சையின் நிறம் அதுவல்ல. கட்டுக்கு வராத சர்க்கரை நோய் உள்ளவர்களை அது அதிகம் தாக்குகிறது. நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு எத்தனை என்று நினைக்கும்போது மனசு கனக்கும்.

அந்தக் குறுக்குச்சுவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அஸ்பெர்ஜில்லஸ் இழையை வெட்டினால், சுவரின் நடுத்துளையை, இழைக்குள் இருக்கும் வொரோனின் மணிகள் என்ற நுண்துகள்கள் உடனே அடைத்துவிடும். மிச்ச இழை பிழைத்துக்கொள்ளும். மியூகருக்கு அந்தத் தடுப்பு இல்லை. வெட்டுப்பட்டால் உள்ளிருப்பதெல்லாம் ஒழுகி, நீளமாகச் செத்துப்போகும். பாக்டீரியா பரிசோதனைக்குச் செய்வது போலத் திசுவை அரைத்தால், ஸ்லைடில் தெரிந்த பூஞ்சை, அதை வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில் முளைக்காமலே போகலாம். அதனால் கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கி, அந்தத் துண்டுகளையே தட்டில் பதிப்போம்.

வார்டில் இருக்கும் டாக்டர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: பூஞ்சை என்று சந்தேகம் வந்தால் படிவத்தில் எழுதிவிடுங்கள், அரைக்காமல் எடுத்து வைப்போம். ஸ்லைடில் அகலமான இழை தெரிந்தால் அப்போதே போன் செய்வோம். தட்டில் முளைக்கட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம்.