காடும் தூசியும்: கோபுரத்தடி நாட்குறிப்பு

மார்ச் 3

காற்றில் மிதக்கும் தூசித் துகள்களைக் காடு எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்று அளக்க, மரங்களின் தலைக்கு மேல் எழும் கோபுரத்தில் கருவிகளைப் பொருத்தியாயிற்று. காற்றின் மேல்கீழ் அசைவை ஒலி அலையால் அளக்கும் காற்றுமானி ஒன்று. அதை ஒட்டியே துகள் எண்ணும் கருவியின் உறிஞ்சுகுழாய். இரண்டும் நொடிக்கு 10 முறை பதிவு செய்யும். கீழே இறங்கும் காற்றில் துகள் கூடுதலாகவும் மேலே ஏறும் காற்றில் குறைவாகவும் இருந்தால், அந்த வித்தியாசத்தைக் காடு எடுத்துக்கொண்டது என்று கணக்கு. யோசனை எளிதுதான். ஆனால் வித்தியாசம் மிகச் சொற்பம். அரை மணி நேரப் பதிவைச் சராசரி எடுத்தால்தான் ஏதாவது தென்படும்.

மார்ச் 6

"தூசிதானே, தானாகக் கீழே விழாதா?" என்று கேட்டார் கோபுரத்தைப் பார்க்க வந்த நண்பர். காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அசையாத காற்றில், தண்ணீரின் அடர்த்தி கொண்ட 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் நொடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் இறங்கும். 1 மைக்ரான் துகள் நாள் முழுவதும் இறங்கினாலும் 3 மீட்டர்தான். 0.1 மைக்ரான் துகளோ ஒரு நாளில் ஒரு சாண்கூட இறங்காது. காட்டின் மேல் வீசும் சாதாரணக் காற்றே அதைப் பல மீட்டர் மேலே தூக்கிவிடும். மகரந்தம், பருமனான மண்தூசி ஆகியவற்றுக்கு ஈர்ப்புவிசை போதும். மற்றவை இலைக்கு வந்து சேர வேறு வழி வேண்டும்.

மார்ச் 9

அந்த வேறு வழிகளைப் பற்றி இன்று கொஞ்சம் விரிவாகவே எழுதிவைக்கிறேன். காற்று இலையைச் சுற்றி வளைந்து போகிறது. கனமான துகளால் அந்த வேகத்தில் வளைய முடியாது. பஸ் சட்டென்று திரும்பும்போது நின்றுகொண்டிருப்பவர் ஒரு பக்கமாகச் சரிவதைப் போல, நேரே போய் இலையில் மோதிவிடும். சில துகள்கள் காற்றோடு ஒழுங்காக வளைந்தாலும், இலையின் விளிம்பை நெருங்கிக் கடக்கும்போது தங்கள் பருமனாலேயே உரசி ஒட்டிக்கொள்கின்றன. மிகச் சிறியவற்றின் கதை வேறு. காற்றின் மூலக்கூறுகள் நாலா பக்கமும் இடிக்க, தள்ளாடித் தள்ளாடியே இலையைத் தொட்டுவிடுகின்றன. ராபர்ட் பிரௌன் 1827இல் நீரில் மிதந்த நுண்துகள்களிடம் கண்ட அதே தள்ளாட்டம்தான் இது. ஐன்ஸ்டைன் 1905இல் அதற்குக் கணக்கு எழுதினார்.

மோதுவதற்குக் கனம் போதாது, தள்ளாடுவதற்கு உடம்பு பெரிது என்று நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 0.1 முதல் 1 மைக்ரான் வரை உள்ள இரண்டுங்கெட்டான்கள். காட்டுக்கு மிகக் குறைவாகச் சிக்குபவை இவையே. நாள்கணக்கில் காற்றில் சுற்றிவிட்டு, பெரும்பாலும் மழையோடுதான் தரைக்கு வருகின்றன. நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடியவை, வெயிலைச் சிதறடிப்பவை, மேகத்துளிக்குக் கருவாகுபவை ஆகியவற்றில் பெரும்பகுதி இந்தக் கூட்டம்தான். மரம் நட்டால் காற்று சுத்தமாகிவிடும் என்று சுவரொட்டி அடிப்பவர்கள் எந்த அளவுத் துகளைச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

மார்ச் 10

மழை. பதிவு எதுவும் தேறவில்லை.

மார்ச் 14

ஓர் ஊசியிலையையும் ஓர் அகன்ற இலையையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். அகன்ற இலையின் வழவழப்பான நடுப்பகுதி ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. நரம்பின் இரு பக்கப் பள்ளங்களிலும், அடிப்பக்கத்து மயிர்களின் தூரிலும் கருந்துகள்கள் அடைந்து கிடந்தன. ஊசியிலையில் இலைத்துளைகள் வரிசையாக அமர்ந்திருக்கும் வரிப்பள்ளம் முழுவதும் தூசி. மெழுகில் பாதி புதைந்த துகளை ஊசிமுனையால் நெம்பியும் அசைக்க முடியவில்லை. மெல்லிய பொருளைச் சுற்றிக் காற்று சட்டென்று வளைய வேண்டியிருப்பதால், ஊசியிலைக்குத் துகள் எளிதாக அகப்படுகிறது.

மார்ச் 17

காட்டில் துகள் படியும் வேகத்துக்கு ஸ்லின் என்ற ஆய்வாளர் 1982இல் தந்த சூத்திரத்தின் வாரிசுகள்தாம் இன்றும் பல காலநிலை மாதிரிகளில் ஓடுகின்றன. கொலராடோவின் பைன் காட்டில் அளந்த ஒரு குழு 2020இல் அவற்றைச் சரிபார்த்தது. தள்ளாட்டத்துக்கு அளவுக்கு மீறிய பங்கும், உரசி ஒட்டுவதற்குக் குறைந்த பங்கும் தரப்பட்டிருந்தன என்பது அவர்கள் முடிவு. அளவீடு இல்லாமல் சூத்திரத்தை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும்.

மார்ச் 18

பிற்பகலில் துகள்கள் காட்டிலிருந்து மேலே போவதாகப் பதிவு காட்டியது. கருவிக் கோளாறு அல்ல. மரங்கள் விடும் டெர்பீன் போன்ற ஆவிகள் காற்றில் வேதிமாற்றம் அடைந்து புதிய துகள்களாகின்றன. வாங்குவதும் விற்பதும் ஒரே கடையில் நடந்தால், நிகர வரவை மட்டும் பார்க்கும் நம் கருவி என்ன செய்யும்? துகள்களை அளவுவாரியாகப் பிரித்து எண்ணாமல் இதைத் தீர்க்க வழியில்லை.

மார்ச் 22

ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துத் தரவுகளைப் படித்தேன். 2011 மார்ச்சில் விபத்து நடந்தபோது இலையுதிர் மரங்கள் இன்னும் துளிர்க்கவில்லை. பசுமை மாறாத செடார் என்னும் ஊசியிலை மரங்களின் இலைகளே கதிரியக்கச் சீசியம் துகள்களில் பெரும்பங்கை ஏந்திக்கொண்டன. பிறகு மழைநீர் வழியாகவும் உதிர்ந்த சருகு வழியாகவும் அது மெல்ல மண்ணுக்குப் போனது. சீசியம்-137இன் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறக்குறைய 30 ஆண்டுகள். இலையில் நின்றதை மட்டும் எண்ணிவிட்டுக் கணக்கை மூடக்கூடாது. அடுத்த வாரம் மரத்தடியில் சொட்டுநீர்க் கலங்களும் சருகுத் தட்டுகளும் வைக்கிறோம்.