கார் நிறுத்த ஜல்லி போடப் போகிறீர்களா? தூசிக்கும் காசு எடுத்து வையுங்கள்

வாசலில் கார் நிறுத்துகிற இடத்துக்கு ஜல்லி போடுகிறவர்களில் பாதிப் பேர், முக்கால் இன்ச் ஜல்லி ஒரு லோடு சொல்லி, நேராக மண்மேல் கொட்டி, மண்வெட்டியால் இழுத்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஐப்பசி மழை பெய்யட்டும், அப்புறம் தெரியும். ஸ்டியரிங் ஒடிக்கிற இடமெல்லாம் கல் விலகிப் பள்ளம் விழும், கொஞ்சம் மண்ணுக்குள் புதையும், கொஞ்சம் தெருவுக்குப் போய்ச் சேரும். ஒரே அளவுக் கல்லாகக் கொட்டினால் அது உருளத்தான் செய்யும், இடையில் இறுகிப் பிடிக்க ஒன்றுமில்லையே.

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் வேறு. மழைக்கு உப்பும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் மெல்லிசாகக் காங்கிரீட் போட்டால் அதுவும் சேர்ந்து விரிசல் விடும், அதனால்தான் நாங்கள் ஜல்லி போதும் என்று முடிவு செய்தோம். ஜல்லித் தரை கொஞ்சம் அமுங்கினால் மேலே இன்னும் நாலு சட்டி போட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.

கணக்குக்கு வருவோம். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. இடம் 20-க்கு 30 அடி, அதாவது 600 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 இன்ச் கனத்துக்கு 200 கன அடி, இரண்டு யூனிட் போதும் என்று தோன்றும். ஆனால் ரோலர் ஏறினால் கல் நெருங்கி உட்காரும், கால் பங்கு கூடச் சேர்த்து இரண்டரை யூனிட்டாகச் சொல்லுங்கள். லாரி வந்ததும் கொட்டச் சொல்லாமல் முதலில் டேப்பை எடுத்துப் பாடியின் உள்ளளவைப் பாருங்கள். 12 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 252 கன அடி, அதுவும் கல் விளிம்பு மட்டத்துக்கு இருந்தால்தான். நடுவில் குவிந்தும் நாலு மூலையில் இறங்கியும் இருக்கிற லோடு கீழே நின்று பார்த்தால் நிறைந்த மாதிரிதான் தெரியும், ஏறிப் பாருங்கள். நடைச்சீட்டு, அதாவது கல் ஏற்றிவருவதற்கான அனுமதிச் சீட்டு, இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள், இல்லாத வண்டி வழியில் பிடிபட்டால் உங்கள் வேலையும் சேர்ந்து நிற்கும்.

கரிசலாக இருந்தால் மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, அடியில் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிப்பது நல்லது. மண்ணும் கல்லும் ஒன்றோடொன்று கலக்காமல் அது பார்த்துக்கொள்ளும். காசு மிச்சமென்று தார்ப்பாய் விரிக்கிறவர்களும் உண்டு, தண்ணீர் இறங்க வழியில்லாமல் மேலேயே நின்றுவிடும், வேண்டாம். துணிமேல் ஆறு இன்ச் கிராவல் மண்ணைக் கொட்டித் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்ட வேண்டும். அதன்மேல் ஒன்றரை இன்ச் ஜல்லி, 4 இன்ச் கனத்துக்கு. அதை உருட்டி முடித்த பிறகுதான் முக்கியமான வேலையே.

கிரஷர் தூசி, அதாவது ஜல்லி உடைக்கிற இடத்தில் விழுகிற கல்பொடி. மேலே சொன்ன கணக்குக்கு முக்கால் யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை பிடிக்கும். ஜல்லியைவிட விலையும் குறைவு, ஆனால் சுத்தமான கல்லுக்குக் காசு கொடுத்தோம், தூசியை எதற்கு வாங்க என்று இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். பொரி உருண்டைக்கு வெல்லப்பாகு எப்படியோ ஜல்லிக்குத் தூசி அப்படி. ஒரேயடியாகக் கொட்டாமல் மெல்லிசாகத் தூவி, விளக்குமாற்றால் இடுக்குகளில் தள்ளி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி, மறுபடி தூவ வேண்டும். ஈரத் தூசி கூழாகிக் கல் இடுக்கில் இறங்குவது கண்ணுக்கே தெரியும். இனி உள்ளே போகாது என்கிறபோது நிறுத்துங்கள். குதிகாலால் மிதித்துத் திருப்பினாலும் கல் அசையக் கூடாது. பழைய மெட்டல் ரோடுகள், அதாவது ஜல்லி ரோடுகள், போட்ட முறையும் ஏறக்குறைய இதுதான்.

மேலே அழகுக்கு அரை இன்ச் ஜல்லி ஒரு இன்ச் கனம் போதும், அரை யூனிட். கனமாகப் போட்டால் பழைய கதைதான், சக்கரம் வழுக்கும்.

வாட்டம் மறந்துவிடாதீர்கள். பத்தடிக்கு இரண்டு, இரண்டரை இன்ச் தெருப்பக்கம் இறங்க வேண்டும், தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்துக் குச்சி அடித்து நூல் கட்டிவிட்டால் கொத்தனார் இல்லாமலே பார்த்துக்கொள்ளலாம். இந்த வாட்டத்தைக் கிராவல் மண்ணிலேயே கொண்டுவந்துவிட வேண்டும். கடைசி அடுக்கில் சரிசெய்துகொள்ளலாம் என்றால் ஒரு பக்கம் ஜல்லி தடிக்கும், இன்னொரு பக்கம் மெலிந்துவிடும். ஓரத்துக்குக் கருங்கல்லோ செங்கல்லோ புதைத்துக் கட்டுங்கள், ஓரக்கல் இல்லாத ஜல்லி ஒரு வருஷத்தில் தெருக்காரர்களுக்குச் சொந்தம்.

இறக்கும்போது டிரைவரிடம் பேசிப் பாருங்கள். "அண்ணாச்சி, பாடியத் தூக்கிக்கிட்டே மெல்ல முன்னால நகர்த்துங்க" என்றால் முதலில் முகத்தைச் சுளிப்பார், "பாடியத் தூக்குற ஜாக்கி போயிரும் சார்" என்பார். டீக்காசு சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார், ஆள்கூலியில் பாதி மிச்சம். ஆனால் தலைக்கு மேல் கரண்ட் வயர் போகிற இடத்தில் இதைக் கேட்கவே கேட்காதீர்கள், தள்ளிக் கொட்டி ஆள் வைத்துச் சுமந்துகொள்ளுங்கள்.

கொஞ்சம் ஜல்லியும் தூசியும் மிச்சம் வைத்துக்கொண்டால் முதல் மழைக்கு அப்புறம் சக்கரத் தடத்தில் இட்டு நிரப்ப உதவும். சாக்கில் கட்டி உள்ளே வையுங்கள். வெளியே குவித்து வைத்தால் "ரெண்டே ரெண்டு சட்டி எடுத்துக்கறேன்" என்று தெருவில் யார் வீட்டுப் பாத்ரூம் வேலைக்காவது போய்விடும்.