மலைப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள்

நேபாளத்தில் எவரெஸ்ட் பக்கம் நடை தொடங்கும் லுக்லாவில் என் வேலை தராசில் தொடங்கும். சின்ன விமானம் வந்து இறங்கி, பைகளை வெளியே எடுத்துப் போட்டதும், கையில் பிடிக்கும் தொங்கு தராசில் ஒவ்வொன்றாக மாட்டி எடை பார்ப்பேன். நடக்க வந்தவர் ஒருவருக்குப் பத்துக் கிலோ. இரண்டு பேர் பையைச் சேர்த்துக் கட்டினால் ஒரு சுமைக்காரருக்கு இருபது. அதற்கு மேல் அவருடைய சொந்த மூட்டை வேறு. பட்டையை நெற்றியில் கொடுத்து, மூச்சைப் பிடித்து எழுந்து நிற்பார். அந்தப் பட்டையை நாம்லோ என்பார்கள்; முதுகில் தொங்கும் மூங்கில் கூடையை டோக்கோ என்பார்கள். பை பத்தேகால் கிலோ இருந்தால்கூடத் திறக்கச் சொல்லிவிடுவேன். "கால் கிலோதானே சார்" என்று யாராவது ஒருவர் சொல்லாத குழு இதுவரை வந்ததில்லை.

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் ஒன்பது வருடமாக என் பிழைப்பு. 2,860 மீட்டர் உயரத்தில் லுக்லா. அங்கிருந்து நாம்சே, டிங்போச்சே, லோபுச்சே, கோரக் ஷெப் வழியாக 5,364 மீட்டரில் பேஸ் கேம்ப். ஏற எட்டு நாள், இறங்க நான்கு நாள். அதற்கு மேலே, பனிப்பாறை பிளந்து சரிந்து இறங்கும் கும்பு பனியருவிக்குள், நான் ஒருமுறையும் போனதில்லை. மேலே நடப்பதைப் பற்றி நான் சொல்வது போய் வந்தவர்களோடு சமையல் கூடாரத்தில் உட்கார்ந்து கேட்டது.

முதல் வருடம் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். லோபுச்சேவுக்கு முன்னால், துக்லா ஏற்றத்தின் உச்சியில், மலையில் இறந்தவர்களுக்காகக் கல் அடுக்கி நினைவுச் சின்னங்கள் எழுப்பியிருக்கிறார்கள். அங்கே குழு இளைப்பாறியது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், பாறைகளுக்குப் பின்னால் வெட் வைப்ஸ் கிடந்தன. காகிதம்தானே, மக்கிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் இருப்பது பிளாஸ்டிக் இழை. அந்தக் குளிரில் காகிதமே மக்குவதற்கு வருடக்கணக்காகும். என் குழுவில் யாரோ போட்டது அது. அந்தப் பாக்கெட்டை நடைக்குத் தேவையான பொருள்களின் பட்டியலில் சேர்த்திருந்தவன் நான். எங்கள் சுமைக்காரர்களில் இளையவர், பத்தொன்பது வயதிருக்கும், முதுகுச் சுமையை ஊன்றுகட்டையில் தாங்க வைத்து இறக்கிவிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையின் ஓரத்தில் செருகினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சேர்ந்து பொறுக்கவில்லை. யார் போட்டது என்று கேட்கவும் இல்லை. வாடிக்கையாளர் மனம் கோணக்கூடாது என்று நிறுவனத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பையனின் குனிந்த முதுகை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வருடம் மே மாதம் நீல டிரம்மைப் பார்த்தேன். கோரக் ஷெப்பிலிருந்து பேஸ் கேம்ப் போகும் வழி, பனிப்பாறை உருட்டித் தள்ளிய கல்மேட்டின் முதுகில் போகும். பல இடங்களில் ஒருவர் நின்றால்தான் இன்னொருவர் கடக்க முடியும். எதிரே ஒருவர் நாம்லோவில் நீல பிளாஸ்டிக் டிரம் சுமந்து வந்தார். மூடியைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. காற்று எங்கள் பக்கம் அடித்தது. குழுவில் பலர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. காலை எங்கே வைப்பது என்பதில் மட்டும் அவர் கண் இருந்தது.

பேஸ் கேம்ப் மண்ணில் இல்லை. நகர்ந்துகொண்டிருக்கும் பனிப்பாறையின் மேல்தான் கூடாரங்கள் நிற்கின்றன. குழி தோண்டிப் புதைத்தால், உருகும் பனி அதை ஒருநாள் வெளியே தள்ளிவிடும், அல்லது கீழே இருக்கும் ஊர்களின் தண்ணீரில் கலந்துவிடும். அதனால் கழிப்பறைக் கூடாரத்தில் கல்லடுக்கி, அடியில் டிரம் வைக்கிறார்கள். நிறைந்ததும் ஆள் சுமந்து கோரக் ஷெப் பக்கம் இருக்கும் குழிகளுக்குக் கொண்டுபோகிறார்கள். இதையெல்லாம் மேற்பார்க்கும் சாகர்மாதா (எவரெஸ்ட்டின் நேபாளப் பெயர்) மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவை 1991-இல் கும்பு என்னும் இந்தப் பகுதியின் மக்களே தொடங்கினார்கள். பனியருவியில் ஏணியும் கயிறும் கட்டும் 'ஐஸ்ஃபால் டாக்டர்கள்' இருப்பதும் அதே குழுவில்தான். ஏறும் பருவத்தில் பேஸ் கேம்ப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆறு வாரம், இரண்டு மாதம் தங்குகிறார்கள். அத்தனை பேரின் கழிவும் யாரோ ஒருவருடைய நெற்றிப் பட்டையில்தான் கீழே இறங்குகிறது.

அன்று இரவு எங்கள் சமையல் கூடாரத்தில் ஒரு ஷெர்பா அண்ணன் இருந்தார். (ஷெர்பா என்பது வேலையின் பெயர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது ஓர் இனத்தின் பெயர்.) நேபாளியில் அண்ணனைத் 'தாய்' என்று கூப்பிடுவார்கள். அந்தச் சொல் என் வாயில் வரும்போதெல்லாம் எனக்கு அம்மாதான் நினைவுக்கு வருவாள். பல வருடம் வாடிக்கையாளர்களை உச்சி வரை கூட்டிப்போனவர் அவர். உச்சிக்குக் கீழே நான்காம் முகாம் இருக்கும் சவுத் கோலில் ஏன் அத்தனை குப்பை என்று கேட்டேன். கொஞ்சம் குற்றம்சாட்டும் தொனியில்தான் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அவர் கோபப்படவில்லை. டீயை ஊற்றிக்கொண்டே ஒரு நாள் கணக்கைச் சொன்னார். மே நடுவில் உச்சியில் அடிக்கும் பெருங்காற்று சில நாள் விலகும். எல்லாக் குழுவும் பார்த்துக் காத்திருப்பது அதே வானிலை அறிக்கையை. ஆகவே எல்லாரும் கிளம்புவதும் அதே இரவு. மேலே ஒற்றைக் கயிறு. முன்னால் ஒருவர் பயந்தோ களைத்தோ நின்றால் பின்னால் வரிசை முழுக்க நிற்கும். நிற்கிறபோதும் சிலிண்டரில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் அப்படி நின்று, உச்சியைத் தொட்டுத் திரும்பும்போது வாடிக்கையாளருக்குக் கால் நிற்காது. ஏறத்தாழ 7,900 மீட்டரில் இருக்கிறது நான்காம் முகாம். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கூடாரம் காற்றில் கிழிந்து, ஓரமெல்லாம் பனியில் உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கொத்தி எடுக்க ஒரு மணி நேரமாகும். மறுநாள் காற்று திரும்பிவிடும் என்று கீழேயிருந்து வாக்கிடாக்கியில் சொல்கிறார்கள்.

"நீயே சொல், பாய்," என்றார். தம்பியை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஆளைக் கொண்டுவரட்டுமா, கூடாரத்தைக் கொண்டுவரட்டுமா?"

அதுவரை நெரிசலையும் குப்பையையும் இரண்டு தனிப் பிரச்சினைகளாகவே நினைத்திருந்தேன். நெரிசல் என்றால் அனுமதி கொடுக்கும் அலுவலகத்தின் பேராசை, குப்பை என்றால் ஒழுங்கு இல்லாத மனிதர்கள். அந்த டீ ஆறுவதற்குள் அந்தக் கணக்கு உடைந்துபோனது. வரிசை நீண்டால் நேரம் போகிறது, நேரம் போனால் பலம் போகிறது, பலம் போனவர் முதலில் கைவிடுவது திரும்பிக் கொண்டுவர வேண்டிய எடையை. உச்சியில் நெரிசல் கூடும் ஒவ்வொரு நாளும் சவுத் கோலில் கூடாரங்கள் கூடுகின்றன.

இன்னொன்றையும் அவர் சொன்னார். காலி ஆக்சிஜன் சிலிண்டர்கள் ஒருகாலத்தில் மேலே குவிந்து கிடந்தன. 1990-களில் கீழே கொண்டுவரும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஷெர்பாக்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். மறுபடி நிரப்பி விற்கவும் முடியும் என்பதால் இப்போது பெரும்பாலான சிலிண்டர்கள் இறங்கி வந்துவிடுகின்றன. விலை உள்ளது இறங்குகிறது. கிழிந்த கூடாரம், உணவு டப்பா, கயிறு, உறைந்த மலம் ஆகியவற்றுக்கு விலை இல்லை. சில கூடாரங்களில் நிறுவனத்தின் பெயர் இருந்த இடத்தைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு விட்டுப் போயிருப்பதைப் பார்த்ததாகவும் சொன்னார். களைப்பில் கைவிடுவது எனக்குப் புரிகிறது. பெயரை வெட்டி எடுக்கத் தெம்பு இருந்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

2019 மே கடைசி வாரம் நான் நாம்சேயில் இருந்தேன். மே 22 அன்று மலையேற்றக்காரர் நிர்மல் புர்ஜா எடுத்த படம் எல்லார் ஃபோனிலும் வந்துவிட்டது: உச்சிக்குப் போகும் கத்திமுனை வரப்பில் ஆளோடு ஆள் ஒட்டி நிற்கும் நீண்ட வரிசை. அந்தப் பருவத்தில் நேபாளம் கொடுத்த அனுமதி 381. மலையின் இரண்டு பக்கமும் சேர்த்து 11 பேர் இறந்தார்கள். லாட்ஜின் உணவு அறையில் என் குழு அந்தப் படத்தை வைத்துச் சத்தமாக விவாதித்துக்கொண்டிருந்தது. லாட்ஜ் நடத்தும் அக்கா தட்டுகளை வைத்துவிட்டு எதுவும் பேசாமல் போனார். அவர் தம்பி அப்போது இரண்டாம் முகாமில் இருந்தார் என்பது எனக்கு ராத்திரிதான் தெரிந்தது. ஷெர்பாக்களுக்கு அந்த மலை சோமோலுங்மா. மியோலாங்சங்மா என்னும் தெய்வம் குடியிருக்கும் இடம். ஏறுவதற்கு முன் பேஸ் கேம்ப்பில் பூஜை செய்து, தழையை எரித்துப் புகை போட்டு, மன்னிப்பு கேட்டுவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார்கள். அந்தக் கூட்டம் நிற்பது தன் தெய்வத்தின் மடியில் என்று நினைப்பவரிடம் நாங்கள் கெட்சப் கேட்டுக்கொண்டிருந்தோம்.

2023-இல் அனுமதி 478 ஆனது. இது வெளிநாட்டவர்களின் எண்ணிக்கை மட்டும். ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒரு ஷெர்பா என்று வைத்தால் கயிற்றில் ஏறுபவர்கள் இரட்டிப்பு.

விதிகள் இல்லாமல் இல்லை. 2014-இல் ஏறுபவர் ஒவ்வொருவரும் 8 கிலோ குப்பை கீழே கொண்டுவர வேண்டும் என்றார்கள். அதற்கு ஒரு குழு 4,000 டாலர் டெபாசிட் கட்ட வேண்டியிருந்தது. நான் தராசோடு வேலை பார்ப்பவன் என்பதால் இதில் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. தராசு எடையைச் சொல்லும், எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. கீழ் முகாமில் எடுத்த எட்டுக் கிலோவும் சவுத் கோலில் கொத்தி எடுத்த எட்டுக் கிலோவும் அதற்கு ஒன்றுதான். நேபாள ராணுவம் 2019-இல் ஆள்களை அனுப்பிச் சுத்தம் செய்யத் தொடங்கியது. 2024-இல் மட்டும் 11 டன் குப்பையும் நான்கு சடலங்களும் ஓர் எலும்புக்கூடும் இறங்கின. முதல் முகாமுக்கும் நான்காம் முகாமுக்கும் இடையே மூன்று டன் அளவுக்கு மனிதக் கழிவு கிடக்கலாம், அதில் பாதி சவுத் கோலில் என்று மாசுக் கட்டுப்பாட்டுக் குழு மதிப்பிட்டது. அந்த வருடம்தான் உள்ளாட்சி நிர்வாகம், மேலே போகிறவர்கள் கழிவைக் கெட்டியாக்கும் பொடி போட்ட பையில் எடுத்து வர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025 செப்டம்பர் முதல் அனுமதிக் கட்டணம் 11,000 டாலரிலிருந்து 15,000 ஆகியிருக்கிறது.

கட்டணம் கூடினால் வரிசை குறையும் என்று நான் நம்பவில்லை. அவ்வளவு தூரம் செலவழிப்பவர் இன்னும் நாலாயிரத்துக்காக நிற்கப் போவதில்லை. எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். திபெத் பக்கத்தில் சீனா ஒரு வருடத்துக்கு 300 பேர் என்று வைத்தது. நேபாள உச்ச நீதிமன்றமும் 2024-இல் அனுமதிகளுக்கு வரம்பு கட்டச் சொன்னது. வரம்பு வந்தால் நாம்சே அக்காவின் லாட்ஜுக்கும் என் சம்பளத்துக்கும் அடி விழும் என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

என் கையில் இருந்த வரம்பு ஒன்றுதான், என் குழுவின் அளவு. கொரோனாவுக்குப் பிறகு, நான் இருந்த நிறுவனம் ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேரை இருபதாக்கியது. வழிகாட்டிகள் எண்ணிக்கை மாறவில்லை. இருபது பேரில் யார் தலைவலியை மறைக்கிறார், யார் எங்கே எதைப் போடுகிறார் என்று பார்க்க என்னால் முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. 2022 இலையுதிர் பருவத்தோடு வெளியே வந்துவிட்டேன். இப்போது சொந்தமாக, எட்டுப் பேருக்கு மேல் இல்லாமல் கூட்டிப் போகிறேன். பட்டியலில் வெட் வைப்ஸ் இல்லை. பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் வாங்குவதில்லை; ஓடைத் தண்ணீரில் குளோரின் மாத்திரை, அல்லது லாட்ஜில் கொதிக்க வைத்தது. வழியில் ஒதுங்க நேர்ந்தால் காகிதத்தைப் பையில் போட்டு நடை முடியும் வரை அவரவரே வைத்திருக்க வேண்டும். இறங்கும்போது நாம்சேயில், நறுக்கிய குப்பை ஒரு கிலோ கட்டிய சிறு பையை ஆளுக்கொன்று வாங்கி லுக்லா வரை சுமக்கிறோம். அங்கிருந்து அது மறுசுழற்சிக்காகக் காத்மாண்டு போகும்.

எட்டுப் பேருக்கு எட்டுக் கிலோ. மலைக்கு அது பெரிதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏறும்போது கால் கிலோவுக்கு வாதாடியவர், இறங்கும்போது அந்த ஒரு கிலோவைத் தன் முதுகுப் பையில் தானே வைத்து நடப்பதைப் பார்க்கிறேன். இரண்டாம் நாளே தோள்பட்டையைத் தடவிக்கொள்கிறார்கள்.

போன வசந்தத்தில் கோரக் ஷெப் தாண்டிய கல்மேட்டில், மறுபடி நீல டிரம் எதிரே வந்தது. சுமையோடு வருபவருக்கு வழி விடும்போது பள்ளத்துப் பக்கம் நிற்கக் கூடாது. கூடை இடித்தால் போய்விடுவோம். "மலைப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள்" என்றேன். எட்டுப் பேரும் பாறையோடு ஒட்டி நின்றார்கள். அது என்ன என்று ஒரு பெண் கேட்டார். சொன்னேன். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. டிரம்காரர் கடக்கும்போது அந்தப் பெண் "நமஸ்தே, தாய்" என்றார். அவர் நெற்றிப் பட்டையிலிருந்து ஒரு கையை எடுக்காமலே தலையை லேசாக அசைத்துவிட்டு இறங்கிப் போனார்.