கத்திரிக்காயும் பித்தளைச் செம்பும்

மே மாத ஞாயிறு ஒன்றில், வாழ்க்கையின் முதல் ஸ்டில் லைஃப் ஓவியத்தை, அதாவது அசையாப் பொருள்களை எதிரே வைத்துப் பார்த்து வரையும் படத்தை, வரைய உட்கார்ந்தேன். சமையலறையிலிருந்து மூன்று கத்திரிக்காய்களையும் இரண்டு எலுமிச்சம்பழங்களையும் பாட்டி காலத்துப் பித்தளைச் செம்பையும் எடுத்துவந்து சன்னலோர மேசையில் வைத்தேன். வண்ணச் சக்கரத்தில் ஊதாவும் மஞ்சளும் எதிரெதிரே நிற்பவை என்பதால், அருகருகே வைத்தால் இரண்டுமே எடுப்பாகத் தெரியும் என்று படித்திருந்தேன். அன்று வீட்டில் வேறு காய் இல்லை என்பதும் உண்மை.

முதல் படம் தேறவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் பென்சிலால் எல்லைக்கோடு போட்டு, இரண்டாம் எண் மெல்லிய தூரிகையால் கோட்டைத் தாண்டாமல் நிரப்பிக்கொண்டே போனதில், இரண்டு மணி நேரம் கழித்துக் காய்கறி அட்டவணையில் உள்ளது போன்ற ஒன்றுதான் மிஞ்சியது. காய்க்கு ஊதா, செம்புக்கு மஞ்சள், நிழலுக்குக் கறுப்பு என, கண் முன்னால் இருந்ததை விட்டுவிட்டு மனத்தில் ஏற்கெனவே இருந்த நிறங்களைப் பூசியிருந்தேன்.

இரண்டாவது முறை பென்சிலைத் தொடவில்லை. 12-க்கு 16 அங்குல கேன்வாஸ் போர்டு முழுவதும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீரில் கரைத்துப் பூசிக் காயவிட்டேன். வெள்ளைத் தளத்தில் எந்த நிறமும் உள்ளதைவிட அடர்ந்து தோன்றி ஏமாற்றும், செம்பழுப்புத் தளத்தில் வெளிச்சத்தையும் நிழலையும் மதிப்பிடுவது எளிது. ஓர் அங்குல அகலத் தட்டைத் தூரிகையை மட்டும் கையில் எடுத்தேன். அதைக்கொண்டு காம்பின் முள்ளை வரைய முடியாது. ஆகவே கண்ணைச் சுருக்கிப் பெரிய இருட்டையும் பெரிய வெளிச்சத்தையும் முதலில் வைத்தே ஆகவேண்டும். கறுப்புக் குழாயைத் திறக்காமல், அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னாவைக் கலந்தேன். அது ஏறக்குறையக் கறுப்பாகவே தெரியும், ஆனால் நீலம் கூடினால் குளிர்ந்தும் பழுப்பு கூடினால் வெம்மையாகவும் நிற்கும். கத்திரிக்காயின் முதுகுக்கு முந்தையது, மேசையைத் தொடும் அடிப்பகுதிக்குப் பிந்தையது.

வெயில் படுத்திய பாட்டையும் சொல்ல வேண்டும். அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே பாலாடை போல ஆடை கட்டிவிடுகிறது. ஈரத் துணியின்மேல் எண்ணெய்த்தாளை விரித்து அதில் கலந்த பிறகே கொஞ்சம் நிம்மதி. காய்ந்தால் நிறம் ஒரு படி இருண்டுவிடும் என்பதால் எலுமிச்சையை வேண்டுமென்றே சற்று வெளுப்பாகப் பூசினேன்.

நெடுநேரம் பிடித்தது செம்புதான். பித்தளை நிறம் என்று தனியாக ஒன்று அதில் இல்லை. கழுத்தடியில் சன்னல் ஒரு வளைந்த வெள்ளைக் கீற்றாகவும், வயிற்றில் கத்திரிக்காய் சிவந்த பழுப்புத் திட்டாகவும், என் நீலச் சட்டை மங்கிய பச்சையாகவும் கிடந்தன. அந்தத் திட்டுகளை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றோடொன்று குழைக்காமல் விட்டேன். ஓரங்களை மழுங்க வைக்கக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். கடைசியாகக் கீற்றுக்கு மட்டும் டைட்டானியம் வெள்ளையை ஓவியக் கத்தியால் தடிமனாக அப்பி ஒரே இழுப்பில் இழுத்தேன்.

முடித்தபின் பார்த்தால், செம்புக்கு இடப்பக்கம் மேசையின் விளிம்பு ஓர் உயரத்திலும் வலப்பக்கம் வேறோர் உயரத்திலும் நின்றது. சிகாகோ கலைக்கூடத்தில் உள்ள, 1893 வாக்கில் பிரெஞ்சு ஓவியர் பால் செசான் வரைந்த ஆப்பிள் கூடைப் படத்திலும் மேசை விளிம்பு இப்படித்தான் இரு பக்கமும் சேராமல் நிற்கும். அவர் தெரிந்தே செய்தார், எனக்குக் கவனக்குறைவால் நேர்ந்தது, ஆனாலும் திருத்தவில்லை. திருத்த நினைத்தாலும் பார்த்து வரைய ஒன்றும் மிச்சமில்லை, மறுநாள் காலையிலேயே மூன்று காய்களும் எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பாகிவிட்டன.